பழைய காரில் பேஸ் குறைந்தால் கோண்டாவிலுக்குக் கொண்டுபோங்கள்

யாழ்ப்பாணத்தில் கார் செற், அதாவது காரில் பாட்டுக் கேட்கிற ரேடியோச் செற், பூட்டித் தரும் கடைகளுக்குக் குறைவில்லை. டவுனுக்குள் ஒரு சுற்றுப் போய்வந்தால் போதும், அன்றைக்கே புது செற், புது ஸ்பீக்கர், அடிச் சத்தத்துக்கென்று புது வூபர் எல்லாம் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். ஆனால் இருக்கிற செற்றில் ஏன் சத்தம் மாறிப்போனது என்று தேடிக் கண்டுபிடித்துச் சொல்ல ஆள் கிடைப்பது அருமை. கோண்டாவிலில் அப்படி ஒரு அண்ணை இருக்கிறார். கனகாலம் ஓடிய செற்றில் பேஸ் (அடிச் சத்தம்) செத்துப்போய்விட்டது என்று நினைப்பவர்கள், காசை வேறெங்கும் கொட்டுவதற்கு முதல் அவரிடம் ஒருக்கால் காட்ட வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இடத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கோண்டாவில் டிப்போப் பக்கம் வந்து "ஸ்பீக்கர் கட்டுற அண்ணை" என்று கேட்டால் ஒழுங்கையைக் காட்டுவார்கள். வீட்டோடு சேர்ந்த தகரக் கொட்டில். கோயில்களுக்கு ஒலிபெருக்கி பூட்டுகிறவர்களின் பெரிய பெரிய வூபர்கள் சுவரோரம் அடுக்கியிருக்கும். அவருடைய முக்கிய வேலை அதுதான். கார் வேலையை இடையிடையே செய்கிறார்.

எங்கள் கார் 2003ஆம் ஆண்டுக் கொரோலா, 121 என்று சொல்லும் மொடல். அப்பா வாங்கியது. ஜப்பானில் இருந்து அதோடு வந்த ரேடியோ 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். இங்கே நாங்கள் கேட்கிற எஃப்.எம். நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே. அதனால் அப்பா ஆரம்பத்திலேயே அதைக் கழற்றிவிட்டு ஒரு பயனியர் செற் போட்டார். பிறகு முன்கதவுகளுக்கு ஆறரை அங்குல ஸ்பீக்கர், பின்தட்டில் ஆறுக்கு ஒன்பது அங்குல நீள்வட்ட ஸ்பீக்கர், டிக்கிக்குள் மூடிய பெட்டியில் பத்து அங்குல வூபர், அதற்குத் தனி அம்ப் (வலுக் கொடுக்கும் அம்ப்ளிஃபயர்) என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. புதுக் காருக்கு மாறுவோமா என்ற கதையும் வீட்டில் வந்ததுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் சொந்தப் பாவனைக் கார்களுக்குத் திறந்தார்கள். திறந்த பிறகு விலையைக் கேட்டுவிட்டு, இருக்கிற காரை வடிவாக வைத்திருப்போம் என்று முடிவெடுத்த ஆயிரம் வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

நான் மிருதங்கம் படிப்பிக்கிறேன். மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்துவிட்டு, இப்போது சாவகச்சேரியில் இருந்து நாளாந்தம் கண்டி வீதியால் யாழ்ப்பாணத்துக்கு வந்து போகிறேன். அந்த நேரத்தில் காரில் கேட்பது பெரும்பாலும் நாதஸ்வரமும் தவிலும். அப்பா சேர்த்து வைத்திருந்த கசற்றுகளை யூ.எஸ்.பி.க்கு மாற்றி வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் அதில் நிறைய இருக்கிறது. 1975இல் அவர் காலமாகிவிட்டார், நான் நேரில் கேட்டதில்லை, அந்தப் பதிவுகள்தான் எனக்கு அவர். பழைய பதிவு என்றாலும் தவிலின் இடப்பக்கமான தொப்பியில் கழி விழுகிற அடி நெஞ்சில் படும். அந்த அடிதான் காரில் இல்லாமல் போனது. வலப்பக்கமான வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் ஓடுவது அத்தனையும் கேட்கிறது, தொப்பி மட்டும் எங்கேயோ பக்கத்து வீட்டில் வாசிப்பது மாதிரிக் கேட்கிறது. அடிச் சத்தத்துக்காக அப்புகிற ரவைப் பசை போடாத தொப்பியோடு ஒரு பிள்ளை மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தால் எனக்கு எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

முதலில் டவுனில் ஒரு கடைக்குத்தான் கொண்டுபோனேன். வேலைக்கு நின்ற பொடியன் செற்றில் பேஸை முழுக்க ஏற்றினான், லவுட்னஸைப் போட்டான், டிக்கியைத் திறந்து அம்ப்பில் சத்த அளவை ஏற்றும் கெயின் திருகியையும் கடைசி வரைக்கும் திருகினான். இரைச்சலும் ஒரு பிளாஸ்ரிக் அதிர்வும்தான் கூடியது. பிறகு முதலாளி வந்து, வூபர் முடிந்துவிட்டது, அம்ப்புக்கு வலு காணாது, இரண்டையும் மாற்றினால்தான் சரி என்று 90,000 ரூபாவுக்கு ஒரு கணக்கு எழுதித் தந்தார். ஒரு மீற்றரை வைத்துப் பார்க்கவில்லை. ஒரு கதவைத் திறந்து பார்க்கவில்லை. அதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

வலு கூடிய அம்ப் என்ற பேச்சைப் பற்றி ஒரு விசயம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் கனபேர் காசு விடுகிறார்கள். அம்ப்பின் வலு இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு அது கொஞ்சம் கூடினது மாதிரித்தான் தெரியும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வலு தேவை. முன்பு நன்றாகக் கேட்ட செற்றில் பேஸ் காணாமல் போயிருந்தால், அம்ப்பின் வலு காணாது என்பது அனேகமாகக் காரணமாக இராது. அதே அம்ப்தானே முன்பும் இருந்தது. எங்கேயோ ஒன்று கழன்றிருக்கிறது, கிழிந்திருக்கிறது, அல்லது மாறிப் பூட்டுப்பட்டிருக்கிறது. அதைத் தேட வேண்டும். கெயினைத் திருகித் திருகி ஏற்றினால் அம்ப் தாங்காமல் அலையின் தலையை வெட்டத் தொடங்கும், அந்த வெட்டுப்பட்ட சத்தம் நல்லாய் இருக்கிற வூபருக்குள் உள்ள கம்பிச் சுருளையும் சூடாக்கி எரித்துவிடும்.

கோண்டாவில் அண்ணை காரை நிறுத்தியதும் எதையும் கழற்றவில்லை. முன்சீற்றில் ஏறி இருந்து கண்ணாடிகளை எல்லாம் மூடச் சொன்னார்.

"ரீச்சர், நீங்கள் நெடுக கேக்கிறதைப் போடுங்கோ. என்ர பாட்டை நான் போட்டால் என்ன குறையுது எண்டு எனக்குத்தான் விளங்கும், உங்களுக்கு விளங்காது."

தவிலைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, செற்றில் ஏற்றி வைத்திருந்த பேஸ், லவுட்னஸ் எல்லாவற்றையும் சைபருக்குக் கொண்டுவந்தார். பிறகு மெனுவுக்குள் போய்ப் பார்த்தார். பற்றரி மாற்றினீர்களா என்று கேட்டார். ஓம், சில மாதத்துக்கு முதல் மாற்றினது. பற்றரி கழற்றிய நேரத்தில் செற்றின் செற்றிங் எல்லாம் கம்பனி நிலைக்குப் போயிருக்கிறது. வூபருக்குப் போகிற வெளியீடே நிறுத்தப்பட்டிருந்தது. அதைப் போட்டார், வூபர் முனகத் தொடங்கியது. ஆனால் தொப்பி இன்னும் வரவில்லை.

அடுத்ததாகச் செய்ததைத்தான் எல்லோரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டும், ஒரு சதம் செலவில்லை. வூபரைத் திரும்ப நிறுத்திவிட்டு, சத்தத்தை முன் பின்னாகப் பிரிக்கும் ஃபேடரைப் பின்பக்கம் முழுக்கத் தள்ளினார். பின்ஸ்பீக்கர் இரண்டும் மட்டும் பாடின. பிறகு இடம் வலமாகப் பிரிக்கும் பலன்ஸை மெல்ல மெல்ல ஒரு பக்கமாகக் கொண்டுபோனார். ஒரு ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைக்கக் குறைக்க, பேஸ் கூடியது! ஒன்று மட்டும் பாடும்போது, இரண்டும் சேர்ந்து பாடியதை விட அடிச் சத்தம் திடமாக இருந்தது.

"பின்னால ஒண்டுக்குப் பிளஸ் மைனஸ் மாறிக் கிடக்கு," என்றார். "ஒண்டு முன்னுக்குத் தள்ளேக்க மற்றது பின்னுக்கு இழுக்குது. மேல் சத்தத்துக்கு அது பெரிசாத் தெரியாது. அடிச் சத்தம் ஒண்டை ஒண்டு திண்டுபோடும்."

டிக்கிக்குள் தலையை விட்டு, செற்றில் இருந்து வந்த வயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ற் ரோர்ச் பற்றரி ஒன்றை ஸ்பீக்கரின் வயரில் தொட்டுக் காட்டினார். செற்றின் பிளஸ்ஸோடு பூட்டியிருந்த வயர் பற்றரியின் பிளஸ்ஸில் படும்போது ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ள வேண்டும். வலப்பக்கம் வெளியே தள்ளியது. இடப்பக்கம் "டப்" என்று உள்ளே போனது. செற்றின் பின்பக்க வயர்களில் பச்சை இடப் பின்ஸ்பீக்கர், ஊதா வலப் பின்ஸ்பீக்கர்; கறுப்புக் கோடு போட்டது மைனஸ். பின்ஸ்பீக்கர் மாற்றின காலத்தில் யாரோ பச்சையையும் கோடு போட்ட பச்சையையும் மாற்றி முறுக்கி ரேப் சுற்றிவிட்டிருக்கிறார்கள். ரேப் வெயிலில் உருகிப் பசையாக வடிந்திருந்தது. அதை வெட்டி, ஈயம் பற்றவைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடினார்.

இங்கேயே நிறுத்தியிருந்தாலும் நான் சந்தோசமாகக் காசு கொடுத்துவிட்டு வந்திருப்பேன். அவர் நிறுத்தவில்லை. பாட்டை ஓடவிட்டுவிட்டு, சாரதிப் பக்கக் கதவின் பையைச் சுற்றிக் கையை வைத்துப் பார்த்தார். என்னையும் வைக்கச் சொன்னார். கதவின் உள்மூடிப் பனலின் இடுக்கால் காற்று சின்னச் சின்னதாகக் கைக்கு அடித்தது.

"உந்தக் கதவை ஆரோ திறந்திருக்கினம்."

திறந்ததுதான். கண்ணாடி ஏற்றும் மோட்டர் பழுதாகி ஒரு கராஜில் மாற்றினோம். பனலைக் கழற்றியதும் எனக்கே தெரிந்தது. கதவின் இரும்புக்கு மேலே கம்பனியால் ஒட்டி வருகிற பொலித்தீன் விரிப்பை அலகால் நீளத்துக்குக் கிழித்துவிட்டு, பாதியைத் தொங்கவிட்டபடியே பனலை மூடியிருக்கிறார்கள்.

அந்த விரிப்பு மழைத் தண்ணீருக்கு மட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், கராஜ்காரர்களும் அனேகமாக அப்படித்தான் நினைக்கிறார்கள். கதவு ஸ்பீக்கருக்குப் பெட்டி கிடையாது. கதவின் உட்குழிதான் அதற்குப் பெட்டி. கூம்பு முன்னுக்குத் தள்ளும்போது பின்பக்கக் காற்று எதிர்ப்பக்கம் இழுபடுகிறது. முன் காற்றும் பின் காற்றும் கலக்காமல் நடுவில் ஒரு மறைப்பு இருந்தால்தான் அடிச் சத்தம் காருக்குள் வரும். ஓட்டை இருந்தால் முன்னால் தள்ளிய காற்று சுற்றிப் பின்னால் போய் நிரப்பிவிடும், காதுக்கு ஒன்றும் மிஞ்சாது. உயர்ந்த சுருதிச் சத்தங்களுக்கு இந்தச் சுற்றுப் பாதையால் பெரிய சேதமில்லை. தாழ்ந்த சத்தங்கள்தான் தொலைந்துபோகும். வலந்தலை கேட்டு தொப்பி கேட்காமல் போனதற்கு இந்தக் கதவும் ஒரு காரணம். முன்ஸ்பீக்கருக்குப் பின்னால் இருந்த கம்பனி ரப்பர் வளையமும் இறுகிச் சிதைந்திருந்தது, அதற்கும் புதிது வெட்டிப் போட்டார்.

விரிப்பைத் தடித்த பொலித்தீனில் புதிதாக வெட்டி, ஓரம் முழுக்கக் கறுப்பு பியூற்றைல் ரப்பர் ரேப்பால் ஒட்டினார். ஒட்டுவதற்கு முதல் இரும்பைப் பெற்றோல் துணியால் துடைத்து, பழைய பசையைச் சுரண்டி எடுத்தார், அதற்கே அரைவாசி நேரம் போனது. விரிப்பின் அடி ஓரத்தைக் கதவுக்கு உள்பக்கமாகச் செருகினார். கண்ணாடி வழியே இறங்கும் மழைத் தண்ணீர் விரிப்பில் பட்டு உள்ளே போய்க் கதவின் அடியில் இருக்கிற துளைகளால் வடிய வேண்டுமாம். வெளிப்பக்கம் விட்டால் கார்த்திகை மழைக்குக் கால்விரிப்பு நனையும். கதவின் அடித்துளைகளில் மண் அடைத்திருந்ததையும் ஒரு கம்பியால் குத்தி எடுத்துவிட்டார். கேட்காமலே செய்தது.

அப்புறம் வூபர். மூடிய பெட்டி என்றால் கூம்பை இரண்டு பக்கமும் விரல்களால் மெதுவாக உள்ளே அமத்திவிட்டு விட, உள்ளிருக்கும் காற்று தள்ளி, கூம்பு ஆறுதலாகத் திரும்பி வர வேண்டும். எங்கள் வூபர் அமத்தினவுடனேயே எங்கோ "ஸ்ஸ்" என்று காற்று விட்டது. கூம்பின் விளிம்பைச் சுற்றி இருக்கும் ஃபோம் வளையத்தில் அவர் விரலை வைத்ததும் ஒரு துண்டு அப்படியே தூளாகக் கொட்டியது. வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது; கறுப்பு வளையம் கறுப்பு வளையமாகத்தான் இருந்தது. இந்த ஃபோம் சூட்டிலும் ஈரப்பதத்திலும் காலப்போக்கில் தானாகவே உக்கிப்போகும். எங்கள் ஊர் வெயிலில் மூடிய டிக்கிக்குள் கிடந்தால் கேட்கவா வேண்டும்.

டவுன் கடையில் "முடிஞ்சுது" என்று சொன்ன வூபர் இதுதான். அண்ணை மீற்றரை வைத்துப் பார்த்தார். 4 ஓம்ஸ் வூபருக்கு மீற்றரில் 3க்கும் 4க்கும் இடையில் ஏதோ ஒன்று காட்ட வேண்டும், 3.4 காட்டியது. சுருள் உயிரோடு இருக்கிறது. கூம்பில் கிழிசல் இல்லை. கூம்பைத் தாங்கும் உள்வலையும் இழுவை விடவில்லை. "வளையம் மட்டும்தான் ரீச்சர். காந்தத்துக்கு வயசு போகேல்லை."

புதிய வளையம் கொழும்பில் இருந்து பஸ்ஸில் வர வேண்டும் என்றார். ரப்பர் வளையம் கைவசம் இருந்தது, அது வெயிலுக்கும் நெடுநாள் நிற்கும். ஆனால் பாரம் கூட என்பதால் வூபரின் சுபாவம் மாறும், பெட்டி அளவும் பழைய சுபாவத்துக்குச் செய்தது என்று சொல்லி, முடிவை என்னிடம் விட்டார். நான் ஃபோமே போடச் சொன்னேன். முதலாவது வளையம் பத்து வருடத்துக்கு மேல் நின்றதுதானே.

வளையம் வந்த பிறகு வேலையைப் பார்க்க நானும் போயிருந்தேன். பழைய ஃபோமையும் பசையையும் கூம்பின் விளிம்பில் இருந்து கொஞ்சங் கொஞ்சமாகச் சுரண்டினார். கடதாசிக் கூம்பு என்பதால் தின்னரை ஊற்றாமல் பஞ்சில் தொட்டுத் தொட்டுத்தான். பிறகு நடுவில் இருக்கும் தூசி மூடியை வட்டமாக வெட்டி எடுத்தார். உள்ளே சுருள் சுற்றிய குழாயும் அதன் நடுவில் இரும்புத் தண்டும் தெரிந்தன. இரண்டுக்கும் இடையில் இருக்கிற இடைவெளி ஒரு தடித்த கடதாசி அளவுதான். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்றை ஒடுக்கமான கீலங்களாக வெட்டி வைத்திருந்தார். அந்தக் கீலங்களை நாலு பக்கமும் இடைவெளிக்குள் செருகினார். இப்போது சுருள் சரி நடுவில் நிற்கிறது, அசையாது. அந்த நிலையில் வளையத்தை முதலில் கூம்போடு ஒட்டினார், அது காய்ந்த பிறகு வெளிச்சட்டத்தோடு ஒட்டினார். ஒருநாள் காயவிட்டுத்தான் கீலங்களை இழுத்தெடுப்பாராம். நடுப்பிசகி ஒட்டினால் சுருள் காந்தத்தில் உரசும், உரசினால் கொஞ்ச நாளில் வூபர் போய்விடும். எடுத்த பிறகு காதைக் கிட்ட வைத்து, கூம்பை மேலும் கீழும் அசைத்து, உரசல் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புது மூடியை ஒட்டினார்.

இந்தக் கை எங்கே படித்தது என்று கேட்டேன். யுத்தகாலப் பொருளாதாரத் தடை இருந்த நேரத்தில் என்றார். கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். எங்கள் அம்மாவும் அந்தக் கதை சொல்வா. அப்போது அவர் பதின்வயதுப் பொடியன். டைனமோ தருகிற கொஞ்சக் கரண்டில் ரேடியோ பாட வேண்டும், ஒரு சாமானும் வெளியில் இருந்து வராது, பழுதான ஸ்பீக்கரைத் திருத்தினால்தான் உண்டு. புதுசு போடுங்கோ என்று வாயால் சொல்ல அவருக்கு வராததற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். எங்கள் ஊரில் இந்தத் தலைமுறையின் கைவேலை இன்னும் இருக்கும்போதே நாங்கள் அதைப் பயன்படுத்த வேண்டும், இளம் ஆட்கள் பக்கத்தில் நின்று பழக வேண்டும். அவரிடம் இப்போது ஒரேயொரு தம்பி பழகுகிறான்.

கடைசியாக அம்ப்பின் ஏர்த் வயரை, அதாவது காரின் இரும்போடு பூட்டும் மைனஸ் வயரைப் பார்த்தார். என்ஜின் ஓட பற்றரியில் 14.2 வோல்ற், அம்ப்பில் வைத்துப் பார்த்தால் பேஸ் அடிக்கும் நேரமெல்லாம் 12க்குக் கீழே விழுந்தது. டிக்கியில் பெயின்ற்றுக்கு மேலேயே ஏர்த் ஆணியை முறுக்கியிருந்தார்கள், அதைச் சுற்றித் துருவும் பிடித்திருந்தது. பெயின்ற்றைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய வைத்து, புது வளையம் போட்டு முறுக்கி, மேலே கிறீஸ் பூசினார். வோல்ற் விழுவது நின்றது.

எல்லாம் பூட்டிய பிறகு அம்ப்பின் கெயினைப் பாதிக்கும் கீழே இறக்கினார். வூபர் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும், கதவு ஸ்பீக்கர்கள் அதற்கு மேலே என்று பிரித்து வைத்தார். செற்றில் பேஸ் சைபரிலேயே நின்றது. தவிலைப் போட்டேன். வலந்தலை ஓட்டத்துக்கு நடுவில் தொப்பியில் கழி விழுந்தது, விழுந்த இடத்தில் நின்றது, அடுத்த அடிக்கு முதல் அடங்கியது. டவுன் கடைகள் போட்டுக் காட்டுகிற "தும் தும்" அதிர்வு இது இல்லை. சீற் நடுங்காது, பக்கத்துக் காரின் கண்ணாடி அதிராது. அடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிகிற பேஸ். தாளம் படிப்பிக்கிற எனக்கு வேண்டியது அதுதான். அதிர்வுதான் வேண்டும் என்பவர்கள் அவரிடம் போக வேண்டாம், செய்ய மாட்டேன் என்று நேராகவே சொல்லிவிடுவார்.

காசு விபரம்: பார்த்துச் சொல்ல 2,000 ரூபா, வூபர் வளையமும் கூலியும் 9,500, கதவு 3,500, வயர் வேலையும் ஏர்த்தும் 2,500. மொத்தம் 17,500. பார்த்துச் சொல்வதற்குத் தனியாகக் காசு வாங்குவதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. பார்ப்பதற்குக் காசு வாங்காத கடை, சாமான் விற்றுத்தான் அந்த நேரத்தைச் சம்பாதிக்க வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. மெதுவான வேலை. கார் கையில் இல்லாமல் சமாளிக்க முடியாதவர்கள் முதலிலேயே கேட்டு நாள் எடுங்கள். சாமான் வந்துவிட்டது என்று அவர் போன் எடுத்துச் சொல்ல மாட்டார், நாங்கள்தான் எடுத்துக் கேட்க வேண்டும். வளையம் வந்தது எனக்குக் கேட்டபோதுதான் தெரிந்தது. வங்கிக் காட் வாங்குவதில்லை, காசுதான். பில் கேட்டால் கொப்பித் தாளில் எழுதித் தருவார். கதவுப் பனலின் ஒரு கிளிப் சரியாக இறுகாமல், வூபர் நன்றாக வேலை செய்யத் தொடங்கிய பிறகு அந்த இடம் கிறுகிறுத்தது. திரும்பக் கொண்டுபோக, மறுபேச்சில்லாமல் புதுக் கிளிப் போட்டுத் தந்தார், காசு வாங்கவில்லை. ஆனால் முதல் தரமே பார்த்திருக்க வேண்டிய விசயம். தொடுதிரை அன்ட்ரோயிட் செற்றுகளின் சொஃப்ற்வெயார் பிரச்சினைகளுக்கு அவர் சரிவர மாட்டார், அதற்கு டவுனுக்கே போங்கள்.

போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். வீட்டிலேயே கண்ணாடிகளை மூடிவிட்டு, முன்பக்கம் தனியே, பின்பக்கம் தனியே அந்த பலன்ஸ் சோதனையைச் செய்து பாருங்கள். ஒரு பக்கமாகத் திருப்பும்போது பேஸ் கூடினால் பாதி விடை கையில். அண்மையில் பற்றரி, கதவுக் கண்ணாடி மோட்டர், பூட்டு எது மாற்றினீர்கள் என்று நினைவு வைத்துக்கொண்டு போங்கள், அவர் கட்டாயம் கேட்பார். நெடுக கேட்கிற பாட்டை யூ.எஸ்.பி.யில் கொண்டுபோங்கள், போனில் இருந்து புளூடூத்தில் போட்டால் அதற்குள் இருக்கிற ஈக்குவலைசரும் சேர்ந்து குழப்பும். நல்லூர்த் திருவிழா தொடங்குவதற்கு முந்திய கிழமைகளில் போக வேண்டாம். ஒலிபெருக்கிக்காரர்களின் வூபர்கள் வாசல் வரை அடுக்கியிருக்கும், அவருக்குத் தலை நிமிர நேரம் இராது. ஒழுங்கை ஒடுக்கம், உள்ளே திருப்ப இடமில்லை. ஹயேஸ் வான் கொண்டுவருகிறவர்கள் பலாலி வீதியிலேயே நிறுத்திவிட்டு நடந்து போய், அவரிடம் கேட்டபிறகு ரிவேர்ஸில் கொண்டுபோங்கள்.